பெண் உறுப்பினரின் தொடர்பு எண்

கிராமப் பேரிடர் மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று தாலுகா ஆபீஸிலிருந்து சுற்றறிக்கை வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் வந்தால் பின்னாடியே பயமும் வருகிற ரகம் நான். கேஸை அணைத்தோமா என்று திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டுத் திரும்பி வீட்டுக்கு ஓடியிருக்கிறேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. ஆனால் அந்தச் சுற்றறிக்கையைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமே இல்லை. பெண்களைச் சேர்க்கச் சொல்கிறார்கள், சேர்த்துவிட்டால் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்கு நான் வி.ஏ.ஓ. காட்டுக்கு மழை கேட்டு வானத்தைப் பார்க்கிற ஊர். பாதி வீட்டில் ஆம்பளைகள் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு, மீதிப் பேர் வெங்காயமும் முருங்கையும் போடுகிறார்கள். மெயின் ரோட்டில் இறங்கி ஓடையைத் தாண்டினால்தான் ஊர். ஓடைக்கு ஒரு தரைப்பாலம். வருஷத்தில் பதினோரு மாசம் அந்தப் பாலத்துக்கு அடியில் ஆடு படுத்திருக்கும்.

குழு போடப் போகிறேன் என்றதும் டீக்கடையில் ஒரே சிரிப்பு. "வெள்ளத்துக்குக் குழுவா? ஏம்மா, குடிக்கத் தண்ணி வரலைன்னு எம்புட்டு நாளாக் கத்துறோம், அதுக்கு ஒரு குழு போடுங்க மொதல்ல" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன்.

அதற்கு முன்னால் எங்கள் தாலுகா வி.ஏ.ஓ.க்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. புரொஜெக்டரில் 'பாலின சமத்துவம்' என்று பெரிய எழுத்தில் போட்டு, ஒரு அம்மா ரொம்ப நன்றாகப் பேசினார். வெள்ளம், புயல் என்று வந்தால் அதிகமாகச் சாவது பெண்கள்தான், ஏனென்றால் எச்சரிக்கை அவர்களுக்குக் கடைசியாகத்தான் வந்து சேருகிறது, முகாமில் அவர்களுக்குக் கக்கூஸ் இருக்காது, மாதவிலக்குக்குத் துணி இருக்காது, முடிவெடுக்கிற இடத்தில் அவர்கள் இருக்கமாட்டார்கள், அதனால்தான் கொள்கையே மாறுகிறது என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. வரி விடாமல் எழுதிக்கொண்டேன். எச்சரிக்கை கடைசியாகத்தான் வந்து சேருகிறது என்ற வரிக்கு அடியில் கோடு கூடப் போட்டேன்.

மறுநாளே நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். அங்கே போனால் எல்லாப் பெண்களும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். பெயர், வயது, வீடு எங்கே, தொடர்பு எண். ஒவ்வொருத்தியும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்து நின்றாள்.

"போன் நம்பர் சொல்லும்மா."

"அவுக நம்பரையே போட்டுக்கங்க."

"ஒன் நம்பர் இல்லையா?"

"என் நம்பர் எதுக்கு மேடம், அவுகளுக்குப் பண்ணினா சொல்லிருவாக."

அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவள் மகன் நம்பரைச் சொன்னாள். மகன் திருப்பூரில் இருந்தான். நானும் எழுதினேன். கட்டம் நிரம்பினால் சரி என்று கை தன்னாலே எழுதிக்கொண்டு போனது. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. பத்து ஆண், பத்து பெண். அடக்கமான பெண்களாகப் பார்த்துத்தான் போட்டேன், பின்னால் ஏழரை இழுக்காதவர்களாக. தாசில்தார் மீட்டிங்கில் என் பட்டியலைத் தூக்கிக் காட்டி, "பாருங்க, இந்தம்மா ஊரு கரெக்டா பாதிக்குப் பாதி" என்றார். பக்கத்துக் கிராமத்து வி.ஏ.ஓ. என்னைப் பார்த்து முறைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பட்டியலின் நகலை என் ஆபீஸ் சுவரில் ஒட்டினோம். ஒட்ட வேண்டும் என்பது விதி. அடியில் தடித்த எழுத்தில், 'அவசரத்துக்கு வி.ஏ.ஓ.வை அழைக்கவும், வாகனம் ஏற்பாடு செய்யப்படும்' என்று போட்டு ஒரு நம்பர் போட்டிருந்தோம்.

முன்னெச்சரிக்கை அணிக்குத் தலைவியாக நான் போட்டது ஓடைத் தெருவின் கடைசி வீட்டுப் பெண்ணை. ஓடைக்குப் பக்கத்து வீடு என்பதால் தண்ணீர் வந்தால் முதலில் அவளுக்குத்தானே தெரியும் என்று என் மூளை வேலை செய்தது. அவளுக்கு இருபது வயதில் ஒரு மகள். பிறந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. கட்டிலில் உட்கார்ந்தபடியே பூக்கட்டுவாள். மல்லிகையும் சம்பங்கியும் கூடையில் வந்து இறங்கும், சரமாகப் போகும். அந்த வீட்டுக்குக் காய்கறி, வெஞ்சனச் செலவே அவள் விரலில்தான் ஓடியது. அந்த வேகத்தைப் பார்த்தால் நமக்குக் கண் வலிக்கும். "மேடம், எங்கம்மாவத் தலைவி ஆக்கிட்டீங்களாமே, இனி வீட்டுல சோறு கிடைச்ச மாதிரிதான்" என்று என்னைக் கேலி செய்தாள். அப்பா மில்லில் பஞ்சு மூட்டை ஏற்றுகிறவர். தலைவியின் தொடர்பு எண்ணாக நான் எழுதியிருந்தது அவருடைய நம்பர்.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாவது நாள் காலையில் திண்டுக்கல்லில் பஸ் ஏறும்போது தூறல்தான் இருந்தது, அப்பாடா என்றிருந்தது. பாதி வழியில் தாலுகா ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் தகவல் வந்தது. மேலே இருக்கிற கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே தண்ணீர் வழிந்து பாய்கிறது, கரையில் ஒரு இடத்தில் கசிவு, உடைந்தாலும் உடையலாம், ஓடையோரத்து மக்களை உடனே மேட்டுக்கு ஏற்றவும். சீட்டை விட்டு எழுந்துவிட்டேன். டிரைவரிடம் போய், "அண்ணே, செத்த வேகமாப் போங்கண்ணே" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நான் என்ன பறக்கவா செய்ய?" என்றார்.

ஸ்டாப்பில் இறங்கும்போது மணி பத்தே முக்கால். தரைப்பாலத்தைக் காணோம். ஆடு படுத்திருக்கிற இடத்தில் செம்மண் தண்ணீர் இடுப்பளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கரையில் பதினைந்து இருபது ஆம்பளைகள் நின்றார்கள். ராத்திரி ஷிப்டு முடிந்து மில் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் போட்டுவிட்டுத் திரும்பியவர்கள். எவருக்கும் அந்தப் பக்கம் போக வழி இல்லை. என் தலையாரி மகளுக்குப் பிரசவம் என்று லீவு. பஞ்சாயத்துத் தலைவருக்குப் போட்டால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்கிறது.

சரி, நமக்குத்தான் குழு இருக்கிறதே! பையிலிருந்து பட்டியலை எடுத்தேன். பதற்றத்தில் பேப்பர் பாதி கிழிந்தது. முதல் பெயர், கடைசி வீட்டுத் தலைவி. நம்பரை அடித்தேன்.

எனக்கு நாலடி தள்ளி ஒரு செல்போன் அடித்தது.

அவள் புருஷன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்து, "அலோ" என்றார். நான் காதில் போனை வைத்தபடியே அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

"நீங்களா மேடம்?"

"ஒங்க வீட்டுல போன் இல்லையா?"

"இதுதாங்க வீட்டுப் போனு."

அடுத்த பெயரை அடித்தேன். பின்னாலிருந்து ஒரு போன் பாட்டுப் பாடியது. அடுத்தது திருப்பூர்க்காரன், "அக்கா, நான் கம்பெனியில இருக்கேன், சாயந்தரமாப் பேசட்டா?" என்றான். அடுத்தது சுவிட்ச் ஆஃப். மில்லுக்குள் போனால் போனை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்களாம், அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அடுத்தது, இதோ என் பக்கத்தில் குடை பிடித்து நிற்கிறவர். குழுவின் ஆண் உறுப்பினர்கள் பத்துப் பேரில் யாருமே அன்றைக்கு ஊருக்குள் இல்லை. பெண் உறுப்பினர்கள் பத்துப் பேரும் ஊருக்குள்தான் இருந்தார்கள். அவர்களுடைய தொடர்பு எண்களோ திருப்பூரிலும் மில் வாசலிலும் போக, மீதி எல்லாம் இந்தக் கரையில் சட்டைப் பைகளில் நனைந்துகொண்டிருந்தன. எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று வந்தது. பாதிக்குப் பாதி, பாதிக்குப் பாதி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கடைசி வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டித் தண்ணீரில் இறங்கப் போனார். நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். "எம்மக நடக்க மாட்டாய்யா! விடுங்கய்யா!" என்று கத்தினார். பிறகு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் அம்மா ஒல்லிப்பிச்சி. இருபது வயதுப் பெண்ணை ஒற்றை ஆளாகத் தூக்கி வெளியே வர முடியுமா?

அந்த ஊரில் தனக்கென்று போன் வைத்திருக்கிற பொம்பளை யாருமே இல்லையா? என் போனில் தேடினேன். தேடினால், 'எடுக்காதே' என்று ஒரு பெயர்.

அது ஒரு பெண்தான். பட்டா மாற்றம் கேட்டு ஒரு வருஷமாக என்னை உண்டு இல்லை என்று ஆக்குகிறவள். புருஷன் விட்டுவிட்டுப் போய்ப் பல வருஷம். நம்பர் கொடுக்க வீட்டில் ஆம்பளை இல்லாததால் அவள் நம்பர் அவளுடையது. என் சொந்த நம்பரைத் தலையாரியிடம் எப்படியோ பிடுங்கி, நான் சாப்பிட உட்கார்ந்தால் சரியாகக் கூப்பிடுவாள். வாயைத் திறந்தால் ஊரே கேட்கும். அதனால்தான் அந்தப் பெயரில் சேமித்து வைத்திருந்தேன். அதனால்தான் குழுவிலும் சேர்க்கவில்லை. இப்போது அவளுக்கு அடித்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள்.

"என்னாது, அதிசயமா இருக்கு! மழ பெய்யாம என்ன செய்யும்? பட்டா ரெடி ஆயிருச்சா?"

"ஏத்தா, கண்மாய் ஒடையப் போகுது. ஓடைத் தெரு கடைசி வீட்டுல அந்தப் பிள்ளையத் தூக்கணும். ஆளக் கூட்டிட்டு ஓடு. ஒன் கால்ல விழுறேன்."

பட்டாப் பேச்சை அதோடு விட்டாள். போனை அணைக்காமலே ஓடினாள். அவள் மூச்சும் தண்ணீர்ச் சத்தமும் கேட்டது. தெருத் தெருவாக அவள் போட்ட சத்தமும் கேட்டது. "ஏய், கஞ்சியப் பெறகு காச்சு, வெளிய வாடி! கண்மாய் ஒடையுதுடி!" அந்தத் தொண்டையை நான் ஒரு வருஷமாகத் திட்டியிருக்கிறேன். போனை ஸ்பீக்கரில் போட்டேன், ஆம்பளைகள் எல்லாரும் சுற்றி நின்று கேட்டார்கள். செத்த நேரத்தில் போன் நனைந்ததோ என்னவோ, கட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் எந்தத் தகவலும் இல்லை. அந்த நேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தீயணைப்புக்காரர்கள் கயிறோடு வந்து சேர்ந்து, அந்தப் பக்கம் போய், கை அசைத்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். பட்டாக்காரியும் இன்னும் மூன்று பெண்களும் அந்தப் பெண்ணைக் கட்டிலோடு தூக்கியிருக்கிறார்கள். தெருவில் அதற்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பள்ளம் தெரியாமல் ஒருத்தி வழுக்க, கட்டில் சாய்ந்து, அந்தப் பெண் விழுந்து வலது கை மணிக்கட்டு உடைந்துவிட்டது. அவர்கள் வீட்டுச் சுவர் ஒன்றும் விழுந்தது. கை கூடினாலும் பழைய வேகம் வருமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். பூக்கட்டுகிற கை அது.

மேலிடத்தில் என்னைப் பாராட்டினார்கள். பெண்கள் குழு சிறப்பாகச் செயல்பட்டதாக அறிக்கை எழுதச் சொன்னார்கள். பட்டாக்காரி பட்டியலிலேயே இல்லையே சார் என்றேன். "இப்ப சேத்துட்டாப் போச்சு, தேதிய முன்னாடி போட்டுக்கங்க" என்றார் ஒருவர். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் எவ்வளவு, என் மேல் எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை. பழைய தேதி போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தக் கோபத்தோடே குழுப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "ஒன் நம்பர் இல்லையான்னு கேட்டேனே! வீட்டுக்கு வீடு இப்ப போன் இருக்கு, ஒங்கள்லயே நாலு பேர் கையில வச்சிருக்கீங்க. அன்னைக்கு ஏன் புருஷன் நம்பரக் குடுத்தீங்க?" என்று காய்ச்சி எடுத்தேன். தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். ஒருத்தி மட்டும் நிமிர்ந்தாள்.

"நீங்க செவுத்துல ஒட்டுவீங்கள்ல மேடம்?"

"ஒட்டினா என்ன?"

"மகளிர் குழு நம்பர ஒரு தடவ இப்படித்தான் ஒட்டுனாக. குட்மார்னிங்னு அனுப்புறான் ஒருத்தன். சாப்டியான்னு கேக்குறான் ஒருத்தன். யாருன்னே தெரியாது. அப்புறம் வீட்டுல எனக்குத்தான் அடி விழுந்துச்சு. எவன்டி அவன்னு. அதான் அவுக நம்பரக் குடுத்தோம். அவுகளுக்கு எவனும் குட்மார்னிங் போட மாட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷனுக்குப் பயந்துகொண்டுதான் கொடுக்கவில்லை என்று நான் நினைத்திருந்தேன். அவர்கள் பயந்தது என் சுவருக்கு. பெண்களைக் குழுவில் சேர் என்று சொன்ன விதிதான் அவர்கள் நம்பரைச் சுவரில் ஒட்டு என்றும் சொன்னது. இரண்டையும் ஒரே பேப்பரில் படித்துவிட்டு எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பயிற்சி கொடுத்த அந்த அம்மாவுக்கும் உறைத்த மாதிரி தெரியவில்லை.

எழுந்து போய்ச் சுவரிலிருந்த பட்டியலைக் கிழித்தேன். என்னைத் தைரியசாலி என்று நினைத்திருப்பார்கள். இல்லை. அந்தச் சுவரைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

இவ்வளவு நேரம் ஒன்றைச் சொல்லாமலே வந்துவிட்டேன். சொல்ல வாய் வரவில்லை. பட்டியலுக்கு அடியில், வி.ஏ.ஓ.வை அழைக்கவும் என்று போட்டிருந்த அந்த நம்பர் என்னுடையது இல்லை. என் வீட்டுக்காரருடையது. முன்பு வேலை பார்த்த ஊரில் என் நம்பரைப் பலகையில் எழுதி வைத்திருந்தேன். ராத்திரி பதினோரு மணிக்குக் குடித்துவிட்டுக் கூப்பிட்டு, "மேடம், ஒங்க குரல் நல்லாருக்கு" என்றான் ஒருத்தன். அதிலிருந்து எந்தப் பலகையிலும் எந்தச் சுவரிலும் அவர் நம்பர்தான். என் சொந்த நம்பர் ஆபீஸ் ஆட்களுக்கு மட்டும். அவர் பள்ளிக்கூட வாத்தியார், வகுப்பில் இருக்கும்போது போனைச் சைலண்டில் போட்டுவிடுவார்.

பட்டியலைக் கிழித்த அன்றைக்குச் சாயந்தரம் வீட்டுக்கு வந்து, "வெள்ளத்தன்னைக்கு ஒங்க போனுக்கு யாராச்சும் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"ஏதோ புது நம்பர்ல ஏழெட்டு மிஸ்டு கால் கெடந்துச்சு. லோன் வேணுமான்னு கேக்குறவன்னு நெனச்சு விட்டுட்டேன். ஏன்?"

போனை வாங்கிப் பார்த்தேன். முதல் அழைப்பு பத்து மணி பத்து நிமிஷத்துக்கு. அப்போது ஓடைத் தெருவுக்குள் தண்ணீர் ஏறியிருக்காது. கொல்லைப்பக்கம் மட்டும் தண்ணீர் எட்டிப் பார்த்திருக்கும். கட்டிலைத் தரையில் நடந்தே தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். பாவம், அவரைச் சொல்லி என்ன செய்ய.

ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது நாள் அந்த வீட்டுக்குப் போனேன். இடிந்த சுவருக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அம்மா கடைக்குப் போயிருந்தாள். பெண் கட்டிலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பூக்கூடை காலியாகக் கிடந்தது. இடது கையால் கட்டிப் பார்த்தேன் மேடம், முடிச்சு விழ மாட்டேங்குது என்றாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போது அவளே பேசினாள்.

"பக்கத்து வீட்டுல மில்லுக்குப் போற பொண்ணு இருக்குல்ல, அது போன்ல செவுத்துப் பேப்பரப் போட்டோ எடுத்து வச்சிருந்துச்சு. அதப் பாத்துத்தான் கூப்பிட்டோம். வண்டி வரும்னு போட்டிருந்துச்சுல்ல. ரெண்டு பேருமாத் தூக்கிருவோம்னு அந்தப் பிள்ளை சொல்லுச்சு. எங்கம்மாதான், ரிங் போகுதுடி, மேடம் பாத்துட்டுக் கண்டிப்பாக் கூப்பிடுவாங்க, நான் தலைவி, எனக்குக் கூப்பிடாம இருப்பாங்களான்னு சொல்லிட்டு இருந்துச்சு. ஏன் மேடம், அந்த நம்பர்ல யாருமே எடுக்கல?"

லைன் கிடைத்திருக்காது, மழையில்லையா என்று சொல்லிவிடலாம். நம்பிவிடுவாள். அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் கையைப் பார்த்தேன்.

"அது என் நம்பர் இல்லம்மா," என்றேன். "எங்க வீட்டுக்காரர் நம்பர்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"நீங்களுமா மேடம்?" என்று கேட்டாள்.